மருந்ததிகாரத்தில் உணவும் செயலும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ இந்நாளில் தமிழாசிரியரினும் மருத்துவராலேயே மிகுதியாக எடுத்தாளப்பெறுகின்றது. நீரிழிவு, குருதிக் கொதிப்பு, நெஞ்சு நோய் முதலிய நெடுநாள் நோய்களைப் பற்றிய துண்டறிக்கைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் அதன் குறட்பாக்கள் முன்னிற்கின்றன. ‘உணவில் அளவும் உடலுக்குப் பயிற்சியும் இருப்பின் இந்நோய்கள் அணுகா என்று வள்ளுவர் அன்றே கூறிவிட்டார்’ என்பது இவர்தம் துணிபு. இக்கூற்றின் முற்பாதிக்கு அதிகாரத்திற் சான்று நிரம்ப உண்டு. பிற்பாதிக்குச் சான்று உண்டோ என்பதனை யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ஆராய்ச்சிக்கு நிலைக்களமாகப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைக் கொண்டோம். எம் மாணவருட் சிலர் அப்பகுதியினர் என்பது ஒரு காரணம். அந்நிலத்தின் பயிரும் தொழிலும் இவ்வதிகாரத்தின் உரையை விளக்கவல்லன என்பது மற்றொரு காரணம். நூலின் காலம் பற்றிய வழக்கினை ஈண்டு எடுத்துக்கொள்ளவில்லை.

முதற்கண் அதிகாரத்தின் அமைப்பை நோக்குவோம். முதற்பாட்டு நோய் பிறக்குமாறு கூறுகின்றது. 2 முதல் 7 வரையுள்ள ஆறு பாட்டும் உணவைப் பற்றியன. இறுதி மூன்றும் மருத்துவன் செயற்பாலனவும் மருத்துவத்தின் உறுப்புகளும் கூறுவன. ஆகவே ‘மருந்து’ எனப் பெயரிய அதிகாரத்தில் மருந்தினும் உணவே பேரிடம் பெற்றுள்ளது. அவ்வாறு பாட்டுகளிலும் ஆசிரியர் வற்புறுத்துவன மூன்று: முன் உண்டது செரித்ததை அறிதல், மெய்யாகப் பசித்தல், அளவறிந்தும் மாறுபாடில்லாதன தேர்ந்தும் உண்ணுதல். இவற்றுள் அளவே மீண்டும் மீண்டும் வருகின்றது. உண்ணத்தக்கது இன்னது, தகாதது இன்னது என்று ஒரு பொருளின் பெயரேனும் இவ்வதிகாரத்தில் இல்லை. அரிசியும் இல்லை, வரகும் இல்லை, நெய்யும் பாலும் இல்லை. சிறுதானியமே வள்ளுவர் கண்ட மருந்து என இக்காலத்துச் சிலர் எழுதுவது நூலிற் காணாத ஒன்றை நூலின்மேல் ஏற்றுவதாகும்.

அதிகாரம் நிற்கும் இடமும் கருதத்தக்கது. பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையில் வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது என்னும் மூன்றையும் அடுத்து ‘மருந்து’ வருகின்றது. முன்னைய மூன்றும் பொருளுடையான் தன் வேட்கையால் தன்னைக் கெடுத்துக்கொள்ளும் நெறிகள். பசியாமுன் உண்பதும், வயிற்றுத் தீயின் அளவு நோக்காது உண்பதும் அந்நெறியின் தொடர்ச்சியாகவே ஆசிரியர்க்குத் தோன்றியிருத்தல் கூடும். உண்ண இல்லாதானைப் பற்றிய பேச்சு ஈகையிலும் நல்குரவிலும் இரவிலும் உள்ளது, இங்கில்லை. எனவே இவ்வதிகாரம் விளித்து நிற்பது மிகுதியாக உண்ணும் வாய்ப்புடையானையே. இதனை மறந்து எல்லார்க்கும் ஒருபடித்தாக இதனை ஓதுவது பொருந்துமா என்னும் வினாவுக்குப் பின்னர் வருவோம்.

இனிச் செயலைப் பற்றி நோக்குவோம். உடலை உழைப்பில் ஈடுபடுத்துதல் நோயைத் தடுக்கும் என்னும் கருத்து ஆறு உணவுப் பாட்டுகளிலும் இல்லை. இறுதி மூன்றிலும் இல்லை. மடியின்மை, ஆள்வினையுடைமை, உழவு ஆகிய அதிகாரங்களில் உழைப்பு போற்றப்படுகின்றது. ஆயினும் அங்கெல்லாம் உழைப்பின் பயன் குடி உயர்தலும் பொருள் பெருகுதலும் உலகம் தாங்கப்படுதலுமே; உடல்நலம் பயனாகச் சுட்டப்படவில்லை. ஆகவே உடற்பயிற்சிக்கு இடம் தேடுவார்க்கு எஞ்சி நிற்பது அதிகாரத்தின் முதற்பாட்டு ஒன்றே. அப்பாட்டு, மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் செய்யும் என்கின்றது. மிகுவதும் குறைவதும் எவை என்பதில் உரையாசிரியர் வேறுபடுகின்றனர்.

மணக்குடவர்க்கு மிகுவதும் குறைவதும் மருத்துவ நூலார் எண்ணிய வாதம் முதலிய மூன்றுமே. பாட்டில் உள்ள சொற்களைக் கொண்டே முடிப்பதால் இவ்வுரை நேரிது. புறத்திலிருந்து எதனையும் வருவித்துக்கொள்ள வேண்டுவதில்லை. பரிமேலழகர் அவ்வாறு நின்றிலர். உணவும் செயல்களும் எனும் இரண்டினை எழுவாயாக வருவித்து, அவை ஒருவனது உடற்பகுதிக்கு ஒத்த அளவின் மிகினும் குறையினும் அம்மூன்றும் துன்பஞ் செய்யும் என்று பொருள் கொள்கின்றார். சொல்லெச்சம் வருவித்தது மிகை என இதனைத் தள்ளுவாரும் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. மணக்குடவர் உரையில் வாதமுதலியன ஏன் மிகுகின்றன, ஏன் குறைகின்றன என்பது விளங்காமலே நிற்கின்றது. தொடர்ந்து வரும் ஆறு பாட்டும் உணவைக் கூறுவதால் முதற்பாட்டிலேயே காரணம் பெறப்படவேண்டும் எனப் பரிமேலழகர் கருதியது அதிகார இயைபை நோக்கிய நுண்மையாகும். ஆனால் அவ்வியைபு உணவை மட்டுமே வேண்டுகின்றது. பின்வரும் பாட்டு எதுவும் கூறாத ‘செயலை’யும் அவர் உடன் வைத்தது ஏன்? உணவொடு செயலையும் நோய்க்கு முதலாக எண்ணும் மருத்துவ நூல் வழக்கு அவர்க்குத் தெரிந்திருத்தல் வேண்டும். குறளில் உடலுழைப்பின் அளவு நோயொடு இயைக்கப்பெற்ற இடம் பரிமேலழகரின் இவ்வொரு சொல்லே என்பது எம் துணிபு.

ஆயினும் அவ்விடத்தை அவர் நிரப்பிய முறையில் ஒரு குறை உளது. உணவு ஒத்தல் இன்னது எனச் சுவை, ஆற்றல், அளவு ஆகியவற்றால் விளக்கியவர், செயல் ஒத்தலை விளக்குமிடத்து, மனம் மொழி மெய் என்பவற்றாற் செய்யும் தொழில்களை அவை வருந்துவதற்கு முன்னரே விட்டுவிடுதல் என்கின்றார். இதில் மிகுதிக்குக் காப்பு உண்டு. குறைவுக்கு யாதுளது? உண்பது குறையின் என்னாம் என்று கேட்பார்க்கு விடை தெளிவு. தொழில் குறையின் என்னாம் என்று கேட்பார்க்கு உரையில் விடையில்லை. மிகினும் குறையினும் என்னும் இரண்டும் உணவுக்கும் செயலுக்கும் ஒப்ப உரியன எனத் தாமே எழுவாய் வகுத்தவர், செயலின் குறைவை விளக்காமற் போனது கவனக்குறைவால் அன்று. விளக்கவேண்டிய தேவை அவர் காலத்தில் எழவில்லை. தொழில் செய்யாமையால் உடல் நலிவான் ஒருவன் அரண்மனையிலும் பெருஞ்செல்வர் மனையிலும் சிலனாக இருந்திருப்பான். உரையாசிரியர் கண்முன் நின்ற பெரும்பான்மையோர் தொழிலால் வருந்துவோரே.

மருத்துவச் செய்யுள் மரபிலும் இந்நிலையே காணப்படுகின்றது. தேரையர் பெயரால் வழங்கும் பிணியணுகா விதி நாளுக்கு இருபொழுது உண்ணுதல், பகல் துயிலாமை முதலியவற்றொடு உண்டபின் சிறிது நடத்தலையும் விதிக்கின்றது. உணவுக்குப் பின் நடப்பது குருதியிற் சர்க்கரை ஏறுவதைத் தணிக்கும் என்று இக்கால மருத்துவமும் உடன்படும். ஆனால் அச்செய்யுளும் வேண்டுவது குறுநடையே. வேர்க்க உழைக்குமாறு எவரையும் ஏவவில்லை. ஏவவேண்டிய நிலையில் நாடு இல்லை.

அந்நாடு எத்தகையது என்பதற்குப் பெரம்பலூரும் அரியலூரும் நல்ல சான்று. மேற்கே பச்சைமலை, வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், ஊடே மருதையாறு என்று எல்லை சொல்லலாம். கொள்ளிடக் கரையை ஒட்டிய சில ஊர்கள் நீங்கலாகப் பெரும்பகுதி மானாவாரி நிலம். இவ்விரண்டும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வட்டங்களாக இருந்தவை. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் சேர்ந்து, 2007இல் மறுபடியும் பிரிந்தது. இங்குப் பெருவழக்காக விளைந்தவை வரகும் கம்பும் சோளமும். இவற்றுள் வரகு தனித் தன்மையது. அதன் உமி அடுக்கடுக்காக இறுகியிருத்தலின், திரிகையில் திரித்து, உரலிலிட்டுக் குற்றி, முறத்திற் புடைத்து, மீண்டும் குற்றிய பின்னரே அரிசி கிடைக்கும். ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு பெண்ணின் தோளும் முதுகும் செய்த வேலையை எண்ணிப் பார்க்கவேண்டும். வள்ளைப் பாட்டு என ஓர் இலக்கிய வகையே இவ்வேலையிலிருந்து பிறந்தது. அத்தகைய மனையில் வாழ்வோர்க்குத் ‘தொழிலை வருந்துமுன் விடுக’ என்னும் உரை அறிவுரையாக அன்று, அருளுரையாகவே ஒலித்திருக்கும். விடுதற்கு வாய்ப்பு இருந்ததா என்பது வேறு.

உ. வே. சாமிநாதையர் (1855–1942) தம் இளமையிற் பெரும்பகுதியை இந்நிலத்திற் கழித்தவர். அரியலூரிலும் குன்னத்திலும் கார்குடியிலும் செங்கணத்திலும் அவர் குடும்பம் மாறி மாறி வாழ்ந்தமையும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் அவர் காரிகை பாடங்கேட்டமையும் ‘என் சரித்திர’த்தால் அறிகின்றோம். புகைவண்டி அப்பக்கம் வாராத காலம் அது. தமிழ் கற்பிப்பாரை நாடி ஊர்விட்டு ஊர் பெயர்ந்த அக்குடும்பத்தின் வரலாற்றில், நடையும் வண்டிப் பயணமும் நாட்செய்தியாகவே வருகின்றன. யாப்பிலக்கணம் கற்பதற்கும் கால்கள் வேண்டியிருந்த காலம் என்று சொல்லலாம். இன்று அதே காரிகையை எம் மாணவர் அறையில் அமர்ந்தபடியே கற்கின்றனர். யாமும் அமர்ந்தபடியே கற்பிக்கின்றோம்.

அரியலூர்ப் பகுதியின் ஏலாக்குறிச்சி இவ்வாராய்ச்சிக்கு வேறொரு வகையில் தொடர்புடையது. திருக்காவலூர் எனப் பெயர் பெற்ற அவ்வூரில் வாழ்ந்த வீரமாமுனிவர் (1680–1747) திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனத்தில் பெயர்த்தவர். எனவே மருந்ததிகாரம் ஐரோப்பிய மொழியொன்றிற் புகுந்தது இந்நிலத்தோடு தொடர்புடைய ஒருவரால் எனலாம். அவர் பெயரால் மருத்துவ நூல்கள் சிலவும் வழங்குகின்றன. அவை அவர் இயற்றியனவே என்று துணிதல் அரிது. அரியலூரை ஆண்ட மழவராயர் ஒருவர்க்கு வந்த இராசபிளவை ஏலாக்குறிச்சியில் நீங்கியது என்றும், அதற்கு நன்றியாக அவர் கோயிலுக்கு நிலம் அளித்தார் என்றும் அங்கு ஒரு வழக்கு உண்டு. இதனை நோய் நீங்கிய வகைக்குச் சான்றாக யாம் கொள்ளவில்லை. நோயின் பெயருக்காகவே எடுத்துக்காட்டினோம். முதுகிலும் பிடரியிலும் பல கண்ணுடன் தோன்றும் அப்பிளவை நீரிழிவு உடையாரை மிகுதியும் பற்றுவது என்பது மருத்துவம் அறிந்த செய்தி. ‘இராச’ என்னும் அடை பெருமைப் பொருளில் வந்ததாகவும் இருக்கலாம். ஆயினும் வழக்கில் அந்நோய் ஒரு குறுநிலத் தலைவனைப் பற்றியதாகவே நினைவுகூரப்படுகின்றது. வரகு குற்றிய பெண்ணைப் பற்றியதாக அன்று.

இன்று அவ்வேறுபாடு மறைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் துணையுடன் நாடு முழுவதும் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினர்க்கு நீரிழிவும் 35.5 விழுக்காட்டினர்க்கு மிகை குருதியழுத்தமும் உள்ளன எனக் கண்டது. நீரிழிவாளர் தொகை 10.1 கோடி என மதிப்பிடப்பட்டது. பெரம்பலூரில் இன்று மானாவாரி நிலத்தைப் பெரிதும் நிறைப்பன மக்காச்சோளமும் பருத்தியும். மக்காச்சோளத்திற் பெரும்பங்கு கோழித் தீவனமாகச் செல்கின்றது. உண்கலத்தில் விழுவது ஆலையில் தீட்டிய வெள்ளரிசி. நியாயவிலைக் கடையில் 2011 முதல் அரிசி விலையின்றி வழங்கப்பெறுகின்றது. அதனால் பசி நீங்கியது. அதனைக் குறைகூறுதல் யாம் உடன்படாத ஒன்று. ஆனால் அரிசி வந்த வழியே உரலும் திரிகையும் போயின. உழவில் எருது நின்ற இடத்தில் உழுபொறி நிற்கின்றது. அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் சிமெண்டு ஆலைகளிலும்கூடப் பொறியை இயக்கி அமர்ந்திருக்கும் தொழிலாளர் பலர். பரிமேலழகர் விளக்காது விட்ட ‘செயலின் குறைவு’ இப்போது அவர் உரையின் பக்கத்திலேயே வந்து நிற்கின்றது.

இக்குறைவு நோய்க்கு முதலாதலும், அதனை நிரப்பின் நோய் தடைப்படுதலும் ஆய்வால் நிறுவப்பெற்றவை. அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளிவந்த ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் நின்றோர் உடல் எடையில் 7 விழுக்காடு குறைத்து வாரந்தோறும் 150 நிமிடம் நடக்க முயன்றபோது, நீரிழிவு தோன்றுதல் 58 விழுக்காடு குறைந்தது. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் அத்தகையோர் 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில் குறைவு 28.5 விழுக்காடு. இவ்விரண்டாம் ஆய்வில் எம்மை ஈர்த்தது எண்ணன்று, முறை. எல்லார்க்கும் ஒரே பயிற்சியை அவர்கள் விதிக்கவில்லை. உடலுழைப்புத் தொழிலினர்க்கும், நாளும் அரை மணிக்கு மேல் நடப்போர்க்கும் மிதிவண்டியிற் செல்வோர்க்கும் தம் வழக்கத்தையே தொடருமாறு கூறினர். அமர்ந்திருந்து தொழில் செய்வோர்க்கே நாளும் அரை மணி விரைநடை விதித்தனர். ‘பகுதிக்கு ஒத்த அளவு’ எனப் பரிமேலழகர் வைத்த அடைமொழிக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டை யாம் அறியோம். உழைப்பவனுக்கு வருந்துமுன் நிறுத்தல் ஒத்த அளவு. அமர்ந்திருப்பவனுக்கு எழுந்து நடத்தல் ஒத்த அளவு. உரையாசிரியர் முதற்பகுதியை எழுதினார். மற்றைப் பகுதி அவர் வகுத்த இலக்கணத்துள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது.

இனி முன்னர் ஒத்திவைத்த வினாவுக்கு வருவோம். துண்டறிக்கை எழுதுவோர் மருந்ததிகாரத்தை ஆளுமிடத்து, நோயுற்றவன் தன் வாயாலும் சோம்பலாலும் நோயை வருவித்துக்கொண்டான் என்னும் குறிப்பு பெரும்பாலும் கலந்திருக்கின்றது. குறளில் அதற்கு இடமுண்டு என்பார், பேரிரை விழுங்குவான்கண் நோய் நிற்கும் என்ற பாட்டைச் சுட்டுவர். அப்பாட்டு வாய்ப்பிருந்தும் அளவு நோக்காதவனைப் பற்றியது என்பதை அதிகார வைப்பினால் மேலே காட்டினோம். களை எடுத்துவிட்டு மாலையில் வீடு திரும்பி, பருப்பும் காயும் வாங்க இயலாது, அரிசிச் சோற்றையும் நீர்த்த குழம்பையும் வயிறு நிரம்ப உண்ணும் பெண்ணொருத்திக்கு நீரிழிவு வருமாயின், அவளைக் கழிபேரிரையாளர் வரிசையில் வைப்பது உரைப் பிழை மட்டுமன்று, அறப் பிழையுமாம். அவளுக்குச் செயல் குறைந்ததில்லை. அளவு மிகுந்ததும் இல்லை. கலத்தில் வகை குறைந்தது.

பரிமேலழகர் இவ்வகையில் எச்சரிக்கையாகவே இருக்கின்றார். அதிகார முன்னுரையில் நோய்களைப் பழவினையான் வருவன, காரணங்களான் வருவன என இரண்டாக்கி, முன்னையவற்றை ஒழித்துப் பின்னையவற்றையே இவ்வதிகாரம் கூறும் என்கின்றார். பழவினைக் கோட்பாட்டை இன்று எல்லாரும் உடன்படார். ஆயினும் அப்பகுப்பின் பயன் நோக்கத்தக்கது: எல்லா நோயும் உண்பானது குற்றத்தால் வருவதன்று என்பது அதனாற் பெறப்படும். குடிவழியாக வரும் இயல்பு, கருவிருந்தபோது தாய் பெற்ற உணவு, வறுமை ஆகியவை நீரிழிவுக்கு இடஞ்செய்தலை இன்றைய மருத்துவம் கூறுகின்றது. இவை எவையும் நோயாளி தேர்ந்துகொண்டவை அல்ல. உரையாசிரியர் ஒழித்து வைத்த பகுதியை யாம் மறந்துவிட்டு, எஞ்சியதை மட்டும் சுவரில் எழுதுவோமாயின், அவர் காத்த நடுவுநிலை கெடும்.

அதிகாரத்தின் இறுதிப்பாட்டும் இதற்குத் துணை. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என நான்கையும் சேர்த்தே ஆசிரியர் மருந்து என்றார். நோயாளி நான்கில் ஒரு கூறு. முழுப்பொறுப்பும் அவன்மேல் இல்லை. தமிழ்நாட்டரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தின்படி, குருதிக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்து நோயாளியின் இல்லத்துக்கே கொண்டுசெல்லப்படுகின்றது. கொண்டுசெல்வோரிற் பலர் அவ்வவ்வூர்ப் பெண்களே. உழைச்செல்வான் என்னும் சொல்லை வகுப்பில் விளக்குமிடத்து யாம் இப்போது இவர்களையே எடுத்துக்காட்டுகின்றோம். செந்துறைப் பக்கத்து மாணவர்க்கு அச்சொல் அதன்பின் அகராதி வேண்டாது விளங்குகின்றது.

சிறுதானியம் பற்றியும் ஒரு சொல். ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பின்னர், வரகு மீண்டும் மதிப்புப் பெற்றுள்ளது. பெரம்பலூர், அரியலூர் உழவர்க்கு அதனால் நன்மையுண்டேல் மகிழ்வோம். தீட்டாத வரகின் நார்ப்பொருள் உடலுக்கு நல்லதே. ஆனால் கடையில் விற்பது பெரும்பாலும் ஆலையில் நன்கு தீட்டியது. அதுவும் மாவாகி, இனிப்புச் சேர்ந்து, ரொட்டியாகி வருகின்றது. முன்னோர் உண்ட வரகில் உலக்கை இருந்தது, இதில் இல்லை. அளவின்றி உண்டால் வரகும் மாவுப் பொருளே. தானியத்தின் பெயர் கூறாது அளவை மட்டும் கூறிய ஆசிரியரின் அமைதியை இவ்விடத்தும் நினைக்கவேண்டியுள்ளது.

முதற்பாட்டுக்கு இனி உரை எழுதுவார், பரிமேலழகர் வருவித்த எழுவாயை ஏற்று, செயல் ஒத்தலுக்கு ‘வருந்துமுன் விடுதலும், வாளாவிராது இயங்குதலும்’ என இரண்டையும் கூறுவது மூலத்திலுள்ள இரு சொற்கும் ஒப்ப முடியும் என்பது எம் கருத்து. இஃது உரையைத் திருத்துதல் அன்று. அவர் எழுதிய ‘குறையினும்’ என்பதன் விளக்கத்தை நிறைத்தலே. பரிதியார், பரிப்பெருமாள், காலிங்கர் ஆகியோர் இப்பாட்டிற்குக் கூறும் உரைகளையும் இம்முறையில் ஒப்புநோக்குதல் வேண்டும். அதனைப் பிறிதொரு கட்டுரையில் மேற்கொள்வோம்.